முதல் நாயே வேட்டை நாயா?

எங்கள் ஊரான பெண்ணாடத்துப் பக்கம் நாய் வீட்டுக்குள் வருவதில்லை. வாசல் திண்ணை, மாட்டுக் கொட்டகை, களத்துமேடு, கரும்புக் கொல்லையின் மோட்டார் கொட்டகை என்று அதற்கான இடங்கள் எல்லாம் வெளியில்தான். மிஞ்சின சோறும் மோரும் சாப்பாடு. தடுப்பூசி, பிறந்த நாள் எல்லாம் பெரும்பாலான நாய்களுக்குக் கிடையாது. அந்த வீடுகளிலிருந்து ரயிலேறிப் போய்ச் சென்னையில் வேலை பார்க்கிற பிள்ளைகள்தான் இன்று மூன்றாவது மாடி ஃப்ளாட்டில், சோபாவின் மேல், ஒரு நாயைப் படுக்கவைத்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். லாப்ரடாரும் பக்கும் ஷிட்சுவும் பார்த்துச் சலித்துவிட்டது. இப்போது கண் விழுந்திருப்பது கிரேஹவுண்ட் மேல்.

சென்னைப் பெருங்குடியில் இருக்கிற என் அண்ணன் மகனும் அந்த வரிசையில் ஒருவன். போனில் கேட்டான்: "சித்தப்பா, கிரேஹவுண்டு ஃப்ளாட்டுக்கு ரொம்பத் தோதான நாயிங்கிறாங்க. நாள் பூரா தூங்குமாம், குரைக்கவே குரைக்காதாம். வாங்கிடலாமா?" பக்கத்திலிருந்து அண்ணியின் குரல்: "ரேஸ் ஓடுற நாயைக் கொண்டாந்து எட்டுக்குப் பத்து ரூம்புல கட்டிப்போடப் போறானாம். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க தம்பி."

இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

ஓடிப் படுக்கிற நாய்

கிரேஹவுண்ட் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொடக்கூடிய நாய். ஒரு பாய்ச்சலுக்குள் நான்கு கால்களும் இரண்டு முறை தரையை விட்டு எழும். ஆனால் அது நெடுந்தூரம் ஓடப் பிறந்ததல்ல. அரை நிமிடம், மிஞ்சினால் முக்கால் நிமிடம். அதற்குள் முயல் சிக்கியாக வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். அந்த முக்கால் நிமிடத்துக்காகச் சேமித்து வைப்பதுபோல மற்ற நேரமெல்லாம் படுத்துக் கிடக்கும். ஆடு மேய்க்கப் பழக்கிய பார்டர் கோலி, பனிச்சறுக்கு வண்டி இழுத்த ஹஸ்கி போன்றவற்றுக்கு நாள் முழுக்க வேலை வேண்டும். வேலை இல்லாவிட்டால் செருப்பையும் சோபாவையும் பிய்த்துப் போட்டுத் தாங்களே வேலை தேடிக்கொள்ளும். கிரேஹவுண்டுக்கு அந்த அரிப்பு குறைவு. எனவே "வேகமான நாய்க்குப் பெரிய வீடு வேண்டும்" என்கிற அண்ணியின் பயத்தில் சாரமில்லை. ஃப்ளாட்டின் சதுர அடி இங்கே பிரச்சினையே இல்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. "கிரேஹவுண்ட் அபார்ட்மென்டுக்கு ஏற்ற நாய்" என்ற பெயர் எப்படி வந்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் மக்கள் வீட்டுக்குக் கூட்டிவருவது பெரும்பாலும் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்டுகளை. அவற்றுக்கு இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும். குட்டித்தனம் போயிருக்கும். பந்தயக் கொட்டடியில் வேளை தவறாமல் சாப்பிட்டு, வேளைக்கு வெளியே போய், செயினில் நடந்து, பல கைகள் தொட்டுப் பழகியிருக்கும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2018-ல் மக்கள் வாக்களித்து நாய்ப் பந்தயத்தை நிறுத்தினார்கள். 2020 இறுதியில் அங்கே பந்தயக் களங்கள் மூடப்பட்டன. அதே 2018-ல் மக்காவில் கேனிட்ரோம் என்ற நாய்ப் பந்தயக் களம் மூடப்பட்டபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாய்கள் ஒரே நேரத்தில் வீடு தேடி நின்றன. நியூசிலாந்து 2024 டிசம்பரில் தன் முறைக்குப் பந்தயத்துக்கு முடிவு கட்டுவதாக அறிவித்தது. இப்படி வெளியே வந்த நாய்களைத் தத்தெடுக்க அந்த நாடுகளில் அமைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு நாயையும் பூனையோடு விட்டுப் பார்த்து, மாடிப்படி ஏறப் பழக்கி, குணத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் வீடு பார்த்துக் கொடுக்கிறார்கள்.

நம் ஊரில் கிடைப்பது அந்த நாய் இல்லை. இங்கே ஒருவர் "கிரேஹவுண்ட் வாங்கினேன்" என்றால், நாற்பது நாற்பத்தைந்து நாள் குட்டி ஒன்றை, அதன் தாயைக்கூடப் பார்க்காமல், செல்போனில் வீடியோ பார்த்துப் பணம் அனுப்பி வாங்கியிருக்கிறார் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். பஞ்சாபிலும் தமிழகத்தின் சில பகுதிகளிலும் நாய்ப் பந்தயம் விடுகிறவர்களுக்காக வளர்க்கப்படும் குட்டிகள் அவை. வேகமான குட்டி பந்தயக்காரருக்குப் போகும். மிச்சம் நகரத்து வாசலுக்கு வரும். வெளிநாட்டுக்காரர் சோபாவில் தூங்கும் நாலு வயது நாயைப் பார்த்து எழுதிய நற்சான்றிதழை நம்பி, நாம் பல் முளைத்துத் துறுதுறுக்கும் குட்டியை மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். முதல் ஒன்றரை வருடம் அது தூங்குமூஞ்சியாக இருக்கப் போவதில்லை. கதவு நிலையைக் கடிக்கும். இரவில் அழும். மூத்திரம் பெய்யும் இடத்தைக் கற்றுக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். முதல் முறை நாய் வளர்க்கிறவரைத் திணறடிப்பது இனம் அல்ல, இந்தக் குட்டிப் பருவம்தான்.

நம் ஊர் ஓட்டக்காரர்கள்

கிரேஹவுண்டைப் பார்த்து வாய் பிளக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: சிப்பிப்பாறையைப் பார்த்தாயா? கன்னியைப் பார்த்தாயா? அதே ஒட்டின வயிறு, அதே ஆழமான மார்பு, அதே நீண்ட முகம். சிப்பிப்பாறை, விருதுநகர் மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கிய இனம். சந்தனம், சாம்பல், கறுப்பு என்று ஒற்றை நிறத்தில் வரும். கறுப்பு உடம்பில் கன்னத்திலும் காலிலும் பழுப்பு தொட்டு வைத்தாற்போல் இருந்தால் கன்னி என்பார்கள். இரண்டும் ஒன்றா, வேறா என்று தெற்கத்தி நாய்க்காரர்கள் டீக்கடையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை பேசுவார்கள். நமக்கு அந்த வழக்கு வேண்டாம். உயரம் இரண்டு அடி சொச்சம், எடை பதினைந்திலிருந்து இருபது கிலோ. முப்பது கிலோவைத் தொட்டுத் தாண்டுகிற ஆண் கிரேஹவுண்டோடு ஒப்பிட்டால், லிஃப்ட் வேலை செய்யாத நாளில் தூக்கிக்கொண்டு படியிறங்கக்கூடிய எடை.

நம் நாட்டு நாயினங்களுக்கு அரசு முத்திரை கிடைத்ததே சமீபத்தில்தான். 2005-ல் அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையம் இடம் பிடித்தது. 2020-ல் தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்து முதோல் ஆகிய மூன்றையும் இந்திய நாயினங்களாகப் பதிவு செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் தன் 'மனதின் குரல்' வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி, உள்நாட்டு நாய் வளர்க்கச் சொன்னார். அதற்கு முன்பே, 2017-ல் வந்த தன் நூலில் சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாயினங்களின் வரலாற்றையும் அவை நசிந்த கதையையும் பதிவு செய்திருந்தார். நாட்டு நாய் மீது நகரத்துக்கு வந்திருக்கும் இந்தப் புதுப் பாசத்தில் அந்த நூலுக்கும் பங்கு உண்டு.

நாய் மீது நம் மண்ணுக்குள்ள பாசம் பழையதுதான் என்பதற்குச் சாட்சி தேவையென்றால், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூருக்குப் போகலாம். மகேந்திரவர்மன் காலத்து, அதாவது ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று அங்கே நிற்கிறது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும், கள்ளர் இருவரை அது கடித்ததையும் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேலாக ஒரு நாயின் பெயர் கல்லில் நிற்கிறது. நம் தெருவில் இன்று திரியும் நாய்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயரே கிடையாது.

சரி, சிப்பிப்பாறை ஃப்ளாட்டுக்கு ஒத்து வருமா? வரும்; ஆனால் கிரேஹவுண்டைவிடக் கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் வரும். இதை விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். பந்தயக் கிரேஹவுண்ட் பலர் கை பட்டு வளர்ந்தது. யார் வந்தாலும் வாலாட்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் ஒரே ஆளுக்கு வளர்க்கப்பட்ட வேட்டைத் துணை. வீட்டு ஆளிடம் உயிரை விடும், வெளி ஆளைச் சந்தேகமாகவே பார்க்கும். ஃப்ளாட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வெளி ஆட்கள்! பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், ஸ்விகிக்காரர், எதிர் வீட்டுப் பாட்டி. ஆறு மாதத்துக்குள் இவர்கள் எல்லோரையும் அந்தக் குட்டி பார்த்துப் பழகியிருக்க வேண்டும். பழக்காமல் ஒரு வயதுவரை அறைக்குள்ளேயே வைத்திருந்துவிட்டு, பிறகு "இது ரொம்ப மிரளுது" என்று குறைபட்டுக்கொள்வதில் நியாயமில்லை.

தமிழ்நாட்டு வெயிலுக்கு இந்த உடல்வாகு தோது என்பது உண்மை. மயிர் குட்டை, கொழுப்பு குறைவு. ஹஸ்கியை ஏசி அறைக்குள் அடைத்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் வெயில் தாங்கும் நாய் என்பதற்காக அக்னி நட்சத்திரத்தில் பகல் பதினோரு மணிக்கு ஓடவிட்டால் எந்த வேட்டை நாயும் சுருண்டு விழும். விடியலில், பொழுது சாய்ந்த பின் என இரண்டு வேளை. கோடையில் அதுதான் கணக்கு.

டைல்ஸ் தரையும் தடித்த முழங்கையும்

இந்த நாயோடு ஃப்ளாட்டில் ஒரு நாள் இருந்து பார்த்தால் இணையத்தில் சொல்லாத சங்கதிகள் தெரியும். முதலாவது, தரை. இன்றைய ஃப்ளாட்டெல்லாம் பளபளக்கும் வழுவழு டைல்ஸ். நீண்ட கால், குறுகின பாதம். அவசரமாகத் திரும்பினால் பின்னங்கால் அகன்று சறுக்கும். பெண்ணாடத்துக்குப் பக்கத்திலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் போன ஊர். எங்கள் பக்கத்து மனிதருக்குப் பளபளப்பில் தனிப் பிரியம் உண்டு. நாய் வருகிறதென்றால் அந்தப் பிரியத்தை விட்டுவிட்டு, அது நடமாடும் பாதை முழுக்க ரப்பர் மேட்டோ பழைய ஜமக்காளமோ விரிக்க வேண்டும். விருத்தாசலத்துப் பீங்கானுக்கு வேறு உபயோகம் இருக்கிறது. கனமான பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் நாய் அதைத் தள்ளிக்கொண்டு போகாது, பிளாஸ்டிக் போலக் கடித்தும் துப்பாது.

இரண்டாவது, படுக்கை. இந்த உடம்பில் எலும்புக்கும் தரைக்கும் இடையில் மெத்தை கிடையாது. வெறும் தரையில் தினமும் படுத்தால் முழங்கையில் தோல் தடித்து, மயிர் உதிர்ந்து, சில நேரம் நீர் கோத்து வீங்கிவிடும். இலவம்பஞ்சு மெத்தையோ பழைய போர்வைகளை மடித்துத் தைத்ததோ, ஏதாவது ஒன்று கட்டாயம். வேட்டை நாய் கட்டிலுக்கு ஏறப் பார்ப்பதைச் செல்லம் என்று மட்டும் எண்ண வேண்டாம். அதற்கு உண்மையாகவே வலிக்கிறது.

மூன்றாவது, கழுத்து. சாதாரண நாயின் தலை கழுத்தைவிடப் பெரிது. ஆகவே காலர் கழலாது. இந்த இனங்களில் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன். பயந்து பின்னால் இழுத்தால் பெல்ட் அப்படியே காது வழியாக உருவி வந்துவிடும். உங்கள் கையில் செயின் மிஞ்சும், நாய் ரோட்டில் இருக்கும். இழுத்தால் இறுகும் அகலப் பட்டை, மார்டிங்கேல் காலர் என்று கேட்டு வாங்க வேண்டும். அல்லது மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ். கடையில் அதிகமாகக் கிடைக்கும் மெல்லிய காலர் இதற்கு உதவாது.

நான்காவதுதான் முதன்மையானது. இவை மோப்பத்தால் அல்ல, கண்ணால் வேட்டையாடும் நாய்கள். எதிர் நடைபாதையில் பாலித்தீன் பை ஒன்று காற்றில் புரண்டால் போதும், காது விறைக்கும், முதுகு வளையும், தோளில் ஒரு சின்ன நடுக்கம் ஓடும். அந்த நடுக்கத்துக்கும் பாய்ச்சலுக்கும் இடையில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மூச்சு விடும் நேரம். பாய்ந்துவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. ஆகவே திறந்த வெளியில் செயின் இல்லாமல் விடக்கூடாது. நான்கு பக்கமும் ஐந்தாறடிச் சுவர் உள்ள இடம் கிடைத்தால் வாரத்தில் இரண்டு முறை அவிழ்த்துவிட்டு ஓட விடலாம். மற்றபடி தினம் காலையிலும் மாலையிலும் அரை மணி நேர நடையே போதும்.

விடுமுறைக்குப் பெண்ணாடத்துக்குக் கூட்டி வந்தால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். வெள்ளாற்றங்கரையும் கரும்புக் கொல்லையும் அதன் கண்ணுக்குச் சொர்க்கம். ஆனால் முயல் பிடிப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். மயிலைக் கடித்துவிட்டால் விவகாரம் இன்னும் பெரிது, அது முதல் அட்டவணைப் பறவை. "என் தாத்தா காலத்தில்…" என்று ஆரம்பிக்கும் பெரியப்பாக்களிடம் இதை மென்மையாகச் சொல்லிவிடுங்கள். ரயிலில் கூட்டி வருவதும் லேசில்லை. முதல் வகுப்பில் முழு அறையும் உங்கள் பெயரில் இருந்தால் கூடவே வரலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியின் நாய்க் கூண்டுதான். மிரளும் வேட்டை நாயை அந்தக் கூண்டில் ஏற்ற நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன்.

மிரட்சி என்றதும் கருப்பி நினைவுக்கு வருகிறாள். மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' 2018-ல் வந்தபோது தமிழ்நாடே அந்தக் கறுப்பு வேட்டை நாய்க்காக அழுதது. திரையில் செத்துப்போன கருப்பி நிஜத்தில் உயிரோடுதான் இருந்தது. 2024 தீபாவளியின்போது வெடிச் சத்தத்துக்குப் பயந்து சாலைக்கு ஓடி, வண்டியில் அடிபட்டு இறந்துபோனது. இந்த நாய்களை வைத்திருப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடையாது. தீபாவளிக்கு முந்தைய வாரமே கதவுத் தாழ்ப்பாளைச் சரிபாருங்கள். வெடி வெடிக்கும் இரவில் உள்ளறையில், ஜன்னல் சாத்தி, ஃபேனை வேகமாக வைத்து, கூட யாராவது இருங்கள். பால்கனி கிரில்லின் இடைவெளியையும் அளந்து பாருங்கள். மெலிந்த உடம்பு நீங்கள் நினைக்காத சந்தில் நுழையும்.

டாக்டருக்கும் சொல்ல வேண்டியது

நாய் மருத்துவம் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதை நாய் வாங்கும் முன் பார்க்க வேண்டும். நம் சிற்றூர்க் கால்நடை மருந்தகங்களில் மாடும் ஆடும்தான் அதிகம் வரும். சென்னையில் இருப்பவருக்கு வேப்பேரி இருக்கிறது. 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை.

கிரேஹவுண்டின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு மற்ற நாய்களுடையதைப் போல இராது. சிவப்பணு இயல்பாகவே கூடுதல், தட்டணு குறைவு. கிரியேட்டினின் சற்று உயர்ந்திருக்கும், தைராய்டு அளவு தாழ்ந்திருக்கும். இது நோயல்ல, அதன் உடல்வாகு. ஆனால் நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சர்வ சாதாரணம். தட்டணு குறைவதுதான் அதற்கும் அடையாளம். எது இயல்பு, எது நோய் என்று பிரித்துப் பார்க்க, நாய் ஆரோக்கியமாக இருக்கும்போதே ஒருமுறை ரத்தம் பரிசோதித்துச் சீட்டைப் பத்திரப்படுத்துவது நல்லது. பிறகு காய்ச்சல் வந்தால் ஒப்பிட ஒன்று இருக்கும். மயக்க மருந்து விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தயோபென்டால் என்ற பழைய மயக்க மருந்து கொழுப்பில்லாத இந்த உடம்பிலிருந்து சீக்கிரம் இறங்காது. கிரேஹவுண்டுகள் எழுந்து நிற்க வெகுநேரம் ஆகும். சிப்பிப்பாறைக்குக் கருத்தடை அறுவை என்றாலும் "இது வேட்டை இனம் டாக்டர்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சொன்னதற்காக எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வெள்ளை ராஜபாளையம் வாங்கும் எண்ணமிருந்தால் ஒன்று: அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். தவிர அது காவல் நாய். முதல் முறை நாய் வளர்க்கிறவரின் ஃப்ளாட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கோம்பைக்கும் அதே பதில்தான்.

அசோசியேஷன் என்ன சொல்லும்?

ஃப்ளாட்டில் நாய் வளர்க்கக் கூடாது என்று அசோசியேஷன் தீர்மானம் போட முடியுமா? முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் அனுப்பிய சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெரும்பான்மை ஓட்டு எடுத்தாலும் வளர்ப்புப் பிராணியைத் தடை செய்ய முடியாது. லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்ல முடியாது. ஆனால் வாடகை வீடு வேறு கதை. ஒப்பந்தத்தில் "நாய் கூடாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு சுற்றறிக்கையை நீட்டுவது எடுபடாது. பெண்ணாடத்து மாடிப் போர்ஷனோ, பெருங்குடி ஃப்ளாட்டோ, ஹவுஸ் ஓனரிடம் முதலில் வாய்விட்டுக் கேளுங்கள். சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

சென்னை மாநகராட்சி எல்லையில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், மைக்ரோசிப்பும் கட்டாயம். 2025 இறுதியில் உரிமம் இல்லாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியதற்குப் பிறகு நகரத்தின் மனநிலையே மாறிவிட்டது. சிப்பிப்பாறை கடித்துக் குதறும் இனம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். லிஃப்டுக்குள் நிற்கும் குழந்தையின் அம்மாவுக்குத் தெரியாது. செயினைக் குறுக்கிப் பிடியுங்கள், அடுத்த லிஃப்டில் போங்கள், கழிவை அள்ளிப் போடுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரரோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும்.

சிங்கப்பூரில் நம் உறவுக்காரர்கள் பலர் வசிக்கும் அரசுக் குடியிருப்புகளில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. வீட்டுக்கு ஒரு நாய், அதுவும் பெரும்பாலும் அனுமதிப் பட்டியலில் உள்ள சிறிய இனம்தான். பெரிய கிரேஹவுண்டுக்கு அங்கே அனுமதியில்லை. நம் ஊரில் சுதந்திரம் அதிகம். அதோடு, அந்தச் சுதந்திரத்தில் வாங்கி, ஆறு மாதத்தில் சலித்து, இரவோடு இரவாக நெடுஞ்சாலை ஓரம் இறக்கிவிட்டுப் போகிறவர்களும் அதிகம்.

எங்கே வாங்குவது, எங்கே வாங்கக் கூடாது

2017-ம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பது குற்றம். வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். "முப்பது நாள்தான் ஆச்சு, இப்பவே எடுத்தா நல்லாப் பழகும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள். தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும் அது கற்க வேண்டிய பாடம் பாக்கியிருக்கிறது. எப்படிக் கடித்தால் வலிக்கும் என்பதே அந்தப் பாடத்தில் முதலாவது.

பஸ்ஸிலும் பார்சலிலும் குட்டி அனுப்புகிற வியாபாரம் ஒன்று நடக்கிறது. காற்றோட்டமில்லாத அட்டைப் பெட்டியில் இரவு முழுக்கப் பயணம் செய்து வந்த குட்டிக்குப் பார்வோ நோய் தொற்றி நான்கு நாளில் செத்துப்போவது இந்த வியாபாரத்தில் வழக்கமான கதை. நேரில் போங்கள். தாயைப் பாருங்கள். தாய் ஓடி ஒளிகிறதென்றால், அல்லது கையைக் கடிக்க வருகிறதென்றால், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். வேகத்துக்காகக் கிரேஹவுண்டைச் சிப்பிப்பாறையோடு கலந்துவிட்டு இரண்டில் எந்தப் பெயருக்குக் கிராக்கியோ அந்தப் பெயரில் விற்பதும் நடக்கிறது. நல்ல குணமுள்ள கலப்பு நாய் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். பொய்ப் பெயருக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில்தான் நஷ்டம்.

என் அபிப்பிராயத்தில் முதல் முறை வளர்ப்பவர்கள் குட்டியே வாங்கக் கூடாது. வெளிநாட்டு அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கிரேஹவுண்ட் என்ற இனத்தை அல்ல, அந்த வயதை. இரண்டு மூன்று வயதான கன்னியோ சிப்பிப்பாறையோ, வளர்த்தவர் வெளியூர் போவதாலோ வீடு மாறுவதாலோ கொடுக்க நேர்ந்தது, தேடினால் கிடைக்கும். அதன் குணம் கண்ணெதிரே இருக்கும்; யூகத்துக்கு வேலையில்லை. சென்னை ப்ளூ கிராஸ் போன்ற காப்பகங்களிலும் கைவிடப்பட்ட நாய்களை விசாரிக்கலாம். அங்கே போகிறவர் வேட்டை நாய் தேடிப் போய், ஒட்டின வயிறும் நீண்ட காலும் உள்ள சாதாரணத் தெரு நாயோடு திரும்பி வந்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். முதல் நாயாக அதைவிடத் தோதானது நம் மண்ணில் குறைவு.

வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளில் நான் மிகவும் அழுத்திச் சொல்வது இதை: பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? வீட்டு அளவைவிட, ஓட இடமிருக்கிறதா என்பதைவிட, வேட்டை நாயை வாட்டுவது தனிமைதான். ஆளோடு ஒட்டிக் கிடப்பது அதன் சுபாவம். காலை எட்டு மணிக்குப் பூட்டி, இரவு எட்டு மணிக்குத் திறக்கும் வீட்டில் அது பன்னிரண்டு மணி நேரமும் கதவைப் பார்த்தபடி கிடக்கும். கதவைப் பிராண்டும், ஊளையிடும், பக்கத்து ஃப்ளாட்டிலிருந்து புகார் வரும். கணவன் மனைவி இருவரும் ஆபீஸ் போகிற வீட்டில், மதியம் வந்து ஒருமுறை வெளியே கூட்டிப்போக ஆள் ஏற்பாடு செய்ய முடியாவிட்டால், எந்த நாயும் வேண்டாம். இந்த நாய் வேண்டவே வேண்டாம்.

அண்ணன் மகனிடம் இவ்வளவையும் சொன்னேன். அவனுக்கும் அவன் மனைவிக்கும் ஷிஃப்ட் வேலை, வீட்டில் பகலில் ஆளில்லை. அடுத்த வருடம் அண்ணியும் அண்ணனும் பெருங்குடிக்கே வந்து தங்குவதாகத் திட்டம் இருக்கிறதாம். "அப்ப அதுக்கப்புறம் பாருடா" என்றேன். நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் கூட இருக்கப் போகிறது. ஒரு வருடம் காத்திருப்பது பெரிய விஷயமில்லை. பகலில் வீட்டில் ஆள் இருந்து, ஹவுஸ் ஓனர் எழுத்தில் சம்மதித்து, காலை ஐந்தரைக்கு எழுந்து நடக்க மனமும் இருந்தால், வளர்ந்த கன்னி ஒன்றைத் தேடி வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் இப்போதைக்கு வேண்டாம்.